ஓடுற பைக்குள் என்ன வைப்பது? அராலியிலிருந்து ஒரு கேள்வி

வழுக்கையாற்றங்கரை | ஞாயிறு இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு அராலியில், வழுக்கையாறு கடலேரியோடு சேரும் பக்கம். கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால் வளவுக்குள் தண்ணீர் நிற்கும். மூன்றாம் நாள் குசினிப் படி மறைந்துவிடும்.

போன மாரியில் இரவு ஒரு மணிக்குக் கிராம சேவகர் ஆள் அனுப்பி, உடனே பாடசாலைக்குப் போகச் சொன்னார். வீட்டில் நான், அம்மா (72 வயது, சலரோகம், இன்சுலின் போடுகிறவர்), 9 வயது மகன், 4 வயது மகள். கணவருக்குக் கொழும்பில் வேலை. கரண்ட் இல்லை. ரோச் லைற்றைத் தேடவே பத்து நிமிடம் போய்விட்டது. அலுமாரியைத் திறந்து கையில் பட்டதையெல்லாம் சூட்கேசுக்குள் அடைத்தேன். பாடசாலையில் போய்த் திறந்து பார்த்தால் மூன்று சேலை, மகனின் சீருடை, ஒரு மேசை விரிப்பு. அம்மாவின் இன்சுலின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்குள், கிளினிக் கொப்பி சாமியறையில். விடிந்ததும் பக்கத்து வீட்டுத் தம்பி இடுப்பளவு தண்ணீருக்குள் போய் எடுத்து வந்து தந்தார். அவருக்கு ஏதும் நடந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த மாரிக்கு முன்னம், அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பையைக் கட்டி வைத்துவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் கூடாரம், கத்தி, திசைகாட்டி என்று போகின்றன. நான் காட்டுக்குப் போகவில்லை, பாடசாலை மண்டபத்தில் நாலு நாள் இருக்கப் போகிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பனங்கூடல் | ஞாயிறு இரவு 9.15

சாப்பாட்டை நான் சொல்கிறேன் தங்கச்சி. இடைத்தங்கல் முகாமுக்குச் சமைத்த சாப்பாடு வரும். ஆனால் முதல் நேரச் சாப்பாடு எப்போதும் பிந்தும். அந்த முதல் நாளுக்குத்தான் நீங்கள் பொறுப்பு. அடுப்பு கேட்காத சாமானாகப் பாருங்கள்: பொரிவிளாங்காய், எள்ளுருண்டை, அவல், பனங்கட்டி, பிஸ்கட். சின்னவளுக்குச் சமபோஷா சத்துமா. கொதித்தாறிய தண்ணீர் கொஞ்சம் விட்டுக் குழைத்தால் போதும். புழுக்கொடியல் (அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு) மாதக் கணக்கில் கெடாது, ஆனால் பல் வேண்டும். அம்மாவின் பல்லைப் பார்த்து முடிவெடுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லீற்றர் என்பது பொதுவான கணக்கு. நாலு பேருக்குப் பன்னிரண்டு லீற்றர், அதாவது பன்னிரண்டு கிலோ. யார் தூக்குவது? ஆளுக்கொரு போத்தல் கொண்டு போங்கள். மிச்சத்துக்கு வெறும் கான் ஒன்று, மூடியோடு. தண்ணீர்ப் பவுசர் வரும்போது பிடிக்கப் பாத்திரம் இல்லாமல் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இளையவள் | ஞாயிறு இரவு 9.32

அக்கா, ஒருவரும் எழுதாத ஒன்று. மாதவிடாய்த் துவாய் ஒரு பைக்கற், நிறம் தெரியாத உறையில் சுற்றி, நீங்களே உங்கள் கையால் வையுங்கள். பாடசாலை மண்டபத்தில் நாற்பது குடும்பம் இருக்கும்போது நிவாரணம் கொடுக்கும் ஆண்களிடம் போய்க் கேட்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. எனக்கு அப்போது 15 வயது. நான் கேட்கவில்லை, இரண்டு நாள் ஒரு மூலையிலேயே இருந்தேன்.

கூடவே ஒரு பழைய நூல் சேலை. கட்டுவதற்கில்லை. உடுப்பு மாற்ற இரண்டு கதிரைக்கு இடையில் மறைப்புக் கட்டலாம், விரித்துப் படுக்கலாம், சின்னவளுக்கு ஏணை கட்டலாம், குளிருக்குப் போர்க்கலாம். பாரமும் இல்லை.

கைதடிப் பாலம் | ஞாயிறு இரவு 10.50

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். நீங்கள் எழுதிய மேசை விரிப்பை வாசித்ததும் எனக்கு 1995 ஒக்டோபர் 30 ஞாபகத்துக்கு வந்தது. போர்க்காலம். அந்தப் பின்னேரம் விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், வலிகாமத்தை விட்டு எல்லோரும் தென்மராட்சிக்குப் போக வேண்டும் என்று. இரவோடு இரவாக லட்சக்கணக்கான சனம் இறங்கியது. செம்மணியால் நாவற்குழிப் பாலத்துக்கு ஒரு கூட்டம், கோப்பாயால் கைதடிப் பாலத்துக்கு ஒரு கூட்டம். மழை வேறு.

அப்பா சைக்கிளில் ஒரு அரிசி மூட்டையைக் கட்டினார். அம்மா கலியாணச் சேலைகளோடு றங்குப்பெட்டியைத் தூக்கிப் பின்கரியரில் வைத்தார். நான் கையில் கொண்டுபோனது ஒரு கிரைண்டர். ஏன் அதைத் தூக்கினேன் என்று கேட்டால் அது புதிதாக இருந்தது, அவ்வளவுதான். கரண்டே இல்லாத ஊரில் கிரைண்டர். சைக்கிளை ஓட்ட இடமில்லை, உருட்டத்தான் முடிந்தது. பின் சில்லு காற்றுப் போய், றிம்மிலேயே உருண்டது. வழக்கமாக முக்கால் மணித்தியாலத்தில் போகிற தூரத்துக்கு எங்களுக்கு விடியும் வரை எடுத்தது. றங்குப்பெட்டி பாலத்துக்கு முன்னமே வேலியோரம் போய்விட்டது. கிரைண்டரும் அங்கேதான்.

மேசையில் விட்டு வந்தது எது தெரியுமா? எல்லோருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் என் சாதாரண தரப் பரீட்சைச் சான்றிதழும் இருந்த நீலக் கோவை. வாசலுக்குப் போகும் வழியில், கைக்கெட்டின தூரத்தில். பிறகு 1996இல் திரும்பி வந்தபோது வீடு இருந்தது, மேசையும் இருந்தது, கோவை இல்லை. அந்தப் பிரதிகளை எடுக்க நான் ஏறி இறங்கிய படிகளை எண்ண முடியாது.

இன்னொன்று. அப்பம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையணைக்குக் கீழ் விட்டுவிட்டார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் தேவாரப் புத்தகத்தைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவார், வாசி என்று. ஆறு மாதம் நான்தான் வாசித்தேன். பழைய கண்ணாடி ஒன்று, இலக்கம் கொஞ்சம் பொருந்தாமல் இருந்தாலும், பைக்குள் இருந்தால் அந்த மனுசி இன்னொருவர் கையை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே என் சொல் இதுதான்: கடையில் திரும்ப வாங்கக்கூடியதை விடுங்கள். கடுதாசி, கண்ணாடி, மருந்து. பிறகு மிச்ச இடத்துக்கு உடுப்பு. கட்டி முடித்த பிறகு அந்தப் பையை ஒருநாள் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். வீட்டு வாசலில் பாரம் தெரியாது, ஒரு மைல் போன பிறகுதான் தெரியும்.

பழைய உறுதி | திங்கள் காலை 6.20

நொத்தாரிசு ஒருவரிடம் பல வருடம் எழுத்தராக இருந்தவன் நான். காணி உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சனம் இதில்தான் அதிகம் பயப்படுகிறது.

உறுதி எழுதும்போது ஒரு பிரதி நொத்தாரிசிடம் நிற்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போகும், உங்கள் கையில் இருப்பது மூலம். அது தொலைந்தால் காணி தொலையாது. சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் தேட மூன்று விவரம் வேண்டும்: உறுதி இலக்கம், எழுதிய திகதி, நொத்தாரிசின் பெயர். இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதிப் பைக்குள் வையுங்கள். பிறப்பு, விவாகப் பத்திரங்களுக்கும் அப்படித்தான், இலக்கமும் பதிந்த பிரிவும் கையில் இருந்தால் பிரதி எடுப்பது இலகு.

பால்மா ரின்னுக்குள் போட்டு மெழுகால் அடைத்து மண்ணுக்குள் புதைத்தவர்களையும் கண்டிருக்கிறேன். சிலருக்குத் தப்பியது. சிலர் திரும்பி வந்து தோண்டியபோது ரின் கறள் பிடித்து, உள்ளே களிபோல ஒன்று இருந்தது. எங்கள் மண்ணில் மாரிக்கு நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். புதைக்காதீர்கள்.

மறக்கக்கூடாத இன்னொரு கடுதாசி அடகுத் துண்டு. நகை வங்கியில் பத்திரமாக இருக்கும், துண்டு வெள்ளத்தோடு போனால் மீட்கும்போது அலைய வேண்டிவரும்.

கைதடிப் பாலம் | திங்கள் காலை 7.05

அண்ணை, நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் மூலத்தை விட்டுவிட்டுப் போ என்று என்னால் சொல்ல முடியாது. பிரதி எடுக்கலாம் என்கிறீர்கள். கந்தோரே இடம்பெயர்ந்த காலத்தில் எங்கே போய் எடுப்பது? கையில் ஒன்று இருந்தால் மனம் நிற்கும்.

சோனகதெரு | திங்கள் காலை 10.10

ஐயாவுக்கும் உறுதி அண்ணைக்கும் ஸலாம். நான் சொல்லப்போவது அவரவர் மனதை நோகடிக்க இல்லை.

1990 ஒக்டோபர் 30, அதே திகதிதான், ஐந்து வருடம் முந்தி. யாழ்ப்பாண முஸ்லிம்களை ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். உம்மா பை கட்டினா. நல்லாகத்தான் கட்டினா. நகை, காசு, கடை உறுதி, எல்லாம். சந்தியில் சோதனை. காசும் நகையும் போனது, பையோடு உறுதியும் போனது. நாங்கள் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உடுத்த உடுப்பும் ஒரு தண்ணிப் போத்தலும்தான்.

திரும்பி வந்து கடைக் காணியைக் காட்ட எங்களுக்கு உதவியது ஒரு நிழற்படப் பிரதி. வாப்பா எப்போதோ ஒரு கடன் அலுவலாகக் கொழும்பில் இருந்த சாச்சாவுக்கு அனுப்பி வைத்திருந்தது. அவர் அதை எறியவில்லை. பை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது ஒரு இடத்தில்தான் இருக்கும். ஒரு பிரதி வேறு ஊரில், நம்பிக்கையான ஒருவர் வீட்டில் இருக்கட்டும். இந்தக் காலத்தில் போனில் படம் எடுத்து அனுப்பவும் முடியும். குடும்பக் குழுமத்தில் போடாதீர்கள், அடையாள அட்டைப் படம் எங்கெங்கோ போய்விடும். ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

பழைய உறுதி | திங்கள் காலை 10.48

தங்கச்சி, இதை வாசித்த பிறகு ஐயாவுக்கு நான் மறுமொழி எழுத வந்ததை விட்டுவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் வழி. மூலத்தைப் பையில் வைப்பவர் வைக்கட்டும், பிரதி வேறு ஊருக்குப் போகட்டும்.

தாதி அக்கா | திங்கள் பிற்பகல் 2.30

இரவு வேலை முடிந்து நித்திரையால் எழும்பி எழுதுகிறேன். அம்மாவின் மருந்து விசயம்.

திறந்த இன்சுலின் குப்பி குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே, நிழலான இடத்தில், 30 பாகைக்கு மேல் சூடேறாமல் பார்த்தால் நாலு வாரமளவில் தாங்கும். ஆகவே கரண்ட் போனதும் பதற வேண்டாம். சின்ன மண்முட்டியைச் சுற்றி ஈரத்துணி கட்டி அதற்குள் வைத்தால் போதும். ஐஸ் கட்டியோடு ஒட்ட வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. ஊசிகளையும் அதோடு வையுங்கள். மருந்து இருந்து ஊசி இல்லாமல் வந்தவர்கள் உண்டு.

குளிசைகளுக்கு ஒரு வழக்கம் சொல்கிறேன். பைக்குள் ஒரு வாரக் குளிசை எப்போதும் இருக்கட்டும். மாதாமாதம் கிளினிக்கில் புது மருந்து கிடைத்ததும், அதில் ஒரு வாரத்துக்குரியதைப் பைக்குள் போட்டுவிட்டுப் பைக்குள் இருந்ததை எடுத்துப் பாவியுங்கள். அப்படியே சுழன்றுகொண்டிருந்தால் காலாவதியாகாது. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். "வெள்ளைக் குளிசை ஒன்று, ரோஸ் குளிசை அரை" என்று சொல்லும் நோயாளிக்கு வேறு ஊர் வைத்தியர் என்ன செய்வார்?

பனங்கூடல் அண்ணை சொன்ன பனங்கட்டியைச் சலரோகம் என்று பயந்து விட்டுவிடாதீர்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால்தான் ஆபத்து. வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள், அம்புலன்சுக்கு 1990 இலக்கத்தை அழையுங்கள். அவசரத்துக்குச் சீனி ஒரு சின்னப் போத்தலில், அம்மாவின் கைக்கெட்டும் இடத்தில்.

சின்னவளுக்கு ஜீவனி (வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) நாலு பைக்கற். மண்டபத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால் பிறகு எல்லாப் பிள்ளைக்கும் வரும்.

காலுக்கு மூடின செருப்பு. 2024 மாரிக்குப் பிறகு டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் வந்து உயிர்கள் போனதை மறக்க முடியாது. வெள்ளத்துக்குள் நடந்தவர்கள், காலில் சிராய்ப்பு இருந்தவர்கள். வெள்ளத்துக்குள் இறங்கியிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள், தடுப்புக் குளிசை தருவார்கள். காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் இருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீடு கழுவப் போகும் ஆண்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மணற்காட்டான் | திங்கள் மாலை 6.05

எல்லாம் நல்ல சொல். ஆனால் கரையோரத்தில் இருப்பவர்கள் இதை வாசித்துப் பை பை என்று மனதில் பதித்துவிடக்கூடாது என்று எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி. வடமராட்சி கிழக்கில் எங்களுக்குக் கிடைத்தது நிமிடங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணை பிள்ளைகளை மேட்டுக்கு ஓட விட்டுவிட்டு வங்கிப் புத்தகம் எடுக்கத் திரும்பிப் போனார். முதல் அலை வடிந்த நேரம் அது. அவர் வரவில்லை. பிள்ளைகள் இருவரும் இன்று நல்ல நிலையில் இருக்கிறார்கள், வங்கிப் புத்தகம் ஒன்றும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

வெள்ளம் என்றால் பை. கடல் வருகிறது என்றால், நிலம் நன்றாக ஆடினால், கடல் வழமைக்கு மாறாக உள்ளே இழுத்தால், பையே இல்லை. ஓடுங்கள். பிள்ளையின் கையை மட்டும் பிடியுங்கள். முதல் அலை போனதும் முடிந்தது என்று திரும்பாதீர்கள், பிறகு வருவது பெரிதாக இருக்கலாம். எங்கள் வீட்டில் பை இருக்கிறது. ஆனால் அது கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் மாமி வீட்டில் இருக்கிறது.

குறிகட்டுவான் | திங்கள் மாலை 6.40

தீவுப் பகுதிக்காரன். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், நெடுந்தீவுக்காரருக்குச் சில வேளை நாட்கணக்கில். எங்களுக்கு ஓடுற பை இல்லை, இருக்கிற பைதான். அரிசி, மா, மருந்து, மண்ணெண்ணெய் ஒரு வாரத்துக்கு. பிள்ளைப்பேறு நாள் கிட்டினவர்களையும் கிளினிக் தவறக்கூடாதவர்களையும் காற்று மாறும் முன்னமே யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுவோம். புயல் அறிவித்தல் வந்த பிறகு யோசிப்பது எங்களுக்குப் பிந்திய யோசனை.

சைக்கிள்கடை | திங்கள் இரவு 8.00

சின்னச் சாமான்கள். ரோச் லைற்றின் பற்றறியைக் கழற்றி வெளியே வையுங்கள், உள்ளே இருந்தால் கசிந்து பழுதாகும். அதே பற்றறியில் ஓடுகிற சின்ன றேடியோ ஒன்று. தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடல் சுற்றி டைனமோவில் செய்தி கேட்டவர்கள் நாங்கள், இப்போது போன் கோபுரம் விழுந்தால் ஒன்றும் தெரியாமல் இருக்கிறோம். காசு நூறு ரூபாய்த் தாளாகவும் ஐந்நூறு ரூபாய்த் தாளாகவும். கரண்ட் இல்லாவிட்டால் வங்கி இயந்திரமும் இல்லை, பெரிய தாளுக்கு மாற்றுக்காசும் இல்லை. இலக்கங்களைக் கடுதாசியில் எழுதுங்கள்: கிராம சேவகர், கணவர், அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. போன் செத்தால் கணவரின் இலக்கம் உங்களுக்கே நினைவிருக்குமா?

எல்லாவற்றையும் தனித்தனிச் சொப்பிங் பைக்குள் முடிந்து பிறகு பெரிய பைக்குள் வையுங்கள். வெளியே உரப்பை போதும். தறப்பாள் துண்டு ஒன்று மேலே. சூட்கேஸ் வேண்டாம், சேற்றில் சில்லு உருளாது.

வழுக்கையாற்றங்கரை | சனி பிற்பகல் 4.15

மறுமொழி எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி செய்து பார்த்தோம், அதைத்தான் எழுத வந்தேன்.

எல்லோரும் சொன்னதையெல்லாம் சேர்த்து மகனின் பழைய பள்ளிக்கூடப் பைக்குள் கட்டினேன். சந்திக் கடைத் தராசில் வைத்தால் 11 கிலோ. இரவு ஏழு மணிக்கு, ரோச் லைற் மட்டும் பிடித்துக்கொண்டு, நாலு பேரும் பாடசாலை வரை நடந்தோம். சின்னவள் பாதி வழியில் தூக்கு என்று கை நீட்டினாள். அப்போதுதான் விளங்கியது, எனக்கு இரண்டு கையும் வெறுமையாக இருக்க வேண்டும் என்று. பை முதுகில்தான், அதுவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய பாரத்தில். அம்மா இரண்டு இடத்தில் மதிலில் கை வைத்து நின்றார். வழமையாகப் பத்து நிமிடத்தில் போகிற வழி, இருபத்தைந்து நிமிடம் எடுத்தது.

வீட்டுக்கு வந்து பாதியை வெளியே எடுத்தேன். குளித்துத் துடைக்கும் துவாய் இரண்டு, மேலதிக உடுப்பு, மூன்று போத்தல் தண்ணீர், பெரிய பிஸ்கட் பெட்டி. இப்போது 6 கிலோ. எடுத்த தண்ணீருக்குப் பதில் வெறும் மூடிக் கான் ஒன்று மகன் கையில். அவனுக்கு அது மட்டும்தான் வேலை. அம்மாவுக்குத் தனியாக ஒரு துணிப்பை: மருந்து, ஊசி, சீனிப் போத்தல், கிளினிக் கொப்பியின் படம், சால்வை. கொப்பியும் இனிச் சாமியறையில் இல்லை, பைக்குப் பக்கத்து ஆணியில். ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் மேசை லாச்சிக்குள் கிடந்த பழைய கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து தன் பைக்குள் வைத்தார்.

பத்திரங்களின் பிரதி மட்டக்களப்பில் இருக்கும் என் சிநேகிதிக்குத் தபாலில் போய்விட்டது. பை முன்கதவுக்குப் பின்னால், போன வருடம் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலே தொங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு எடு என்று மகனிடம் சொல்லிப் பார்த்தேன், எடுத்தான்.

ஒன்று மட்டும் தெரியவில்லை. எங்களிடம் ஒரு பசு, கன்றோடு. நாயும் இருக்கிறது. பாடசாலைக்குள் விட மாட்டார்கள்.

பனங்கூடல் | சனி மாலை 5.02

மழை அறிவித்தல் வந்த அன்றைக்கே பசுவையும் கன்றையும் மேட்டு வளவு உள்ள ஒருவரிடம் கொண்டுபோய் விடுங்கள், இப்போதே கேட்டு வையுங்கள். அதற்கு நேரமில்லாமல் இரவில் கிளம்ப வேண்டி வந்தால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், படலையையும் திறந்துவிடுங்கள். கட்டையில் நின்ற மாடுதான் வெள்ளத்தில் சாகும், அவிழ்த்தது மேட்டைத் தானே தேடிப் போகும். நாயின் சங்கிலியும் அப்படித்தான். அவிழ்ப்பதை மகனிடம் விடாதீர்கள், இருட்டில் மாடு மிரளும். நீங்களே செய்யுங்கள், சின்னவளைத் தூக்குவதற்கு முன்னம்.